மணிக் கணினியின் சாட்சி

காலை பிரேயர் முடிந்தும் யாரையும் வகுப்புக்கு அனுப்பவில்லை. தலைமையாசிரியர் ஆவுடைநாயகம் சார் மேடையிலேயே நின்றார். அவருக்குப் பக்கத்தில் மேலக்காட்டிலிருந்து வந்த பெற்றோர் சிலர் முகம் சிவக்க நின்றார்கள்.

“எம் பிள்ளை முட்டியைப் பாருங்க சார்!”

முத்துராணி தன் மகன் மாரிக்கண்ணுவை முன்னால் இழுத்து நிறுத்தினார். அவன் இரண்டாம் வகுப்பு. முழங்காலில் பெரிய கட்டு.

“நேத்து சாயங்காலம் நேரத்துக்கு மணி அடிக்கல. பஸ்ஸு போயிட்டு. பச்சப் பிள்ளைய எல்லாம் வாய்க்கா கரையோட நடந்தே வந்திருக்காவ. இவன் விழுந்து எந்திரிச்சு வந்திருக்கான். வாய்க்காலுக்குள்ள விழுந்திருந்தா யாரு பதில் சொல்லுவா?”

சார் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“மணிக் கணினியைப் பாத்துக்கிறது யாரு?”

ஏழாம் வகுப்பு வரிசையில் சுடலைவடிவு கையைத் தூக்கினாள். எல்லோருக்கும் அவள் வடிவு.

“நானும் நஃபீஸத்தும் சார்.”

“நேத்து அதுல என்ன செஞ்சே?”

“நான் ஒண்ணும் செய்யல சார்.”

“சார், இவ மத்தியானத்துக்கு மேல கணினி ரூம்ல உக்காந்து என்னமோ டைப் பண்ணுனா. நான் பாத்தேன்” என்றான் பின்னால் நின்ற ஐயம்பெருமாள்.

“அது வேற கணினி சார். பாடத்துக்குத்தான்...”

“பொய் சொல்லாதே!”

அந்தச் சொல் ஒலிபெருக்கியில் ஏறி, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி, பஸ் நிறுத்தத்து டீக்கடை வரைக்கும் போனது.

“இனிமே நீ கணினி ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. மணி ஒயரைக் கழட்டுங்க. பழையபடி தண்டவாளத் துண்டையே அடிங்க.”

வடிவுக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டது. பெற்றோர் போகும்போது மாரிக்கண்ணு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“உன்னாலதான் அக்கா” என்றான்.

அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த மணிக் கணினி உள்ளங்கை அளவே இருக்கும் ஒரு பெட்டி. கணினி அறையின் அலமாரியில் ஒரு பழைய திரையோடு இருந்தது. வடிவும் நஃபீஸத்தும் பிருந்தா டீச்சரிடம் கேட்டுக் கேட்டு அதற்கு நிரல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பாடவேளைக்கும் அது தானாகவே மணியை அடிக்கும். அடித்ததும் திரையில் ஒரு வரி வரும்: ‘முதல் பாடவேளை மணி அடித்தது.’

வைத்த நாளிலிருந்து நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் பிருந்தா டீச்சர் பயிற்சிக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டது.

அன்று உணவு இடைவேளையில் வடிவு குழாயடியில் நின்று தட்டை மூன்று முறை கழுவினாள்.

“போதும்ட்டி, தட்டு தேஞ்சிரப் போவுது” என்றாள் நஃபீஸத்.

“நான் பொய் சொன்னேனா? நீ சொல்லு.”

“இல்ல.”

“அப்போ ஏன் அவரு அப்படிச் சொன்னாரு? என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?”

“நேத்து மணி பிந்தின உடனே நாம ஓடிப் போய்த் திரையைப் பாத்தோம்லா? அதுல ஏதாவது இருந்திருந்தா காட்டியிருக்கலாம்.”

இருந்திருந்தால்! அதுதான் வடிவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து மணி அடித்த வரிகள் எல்லாம் திரையில் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது பழைய வரி ஒன்றுகூட இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு வந்தவை மட்டுமே இருந்தன.

“திரைக்கு ஞாபகமே கிடையாது” என்றாள் வடிவு. “சொல்லும், உடனே மறந்துரும். நம்ம ஐயம்பெருமாள் மாதிரி.”

நஃபீஸத் சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை. அவள் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

“ஏட்டி, திரையில சொல்லுததை எல்லாம் ஒரு கோப்புலயும் எழுதி வைக்கச் சொன்னா என்ன?”

“யாரை?”

“நிரலைத்தான்! வாயால சொன்னா காத்தோட போயிரும். எழுதி வச்சா போவாது. எந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு அதுவே சொல்லட்டும்.”

“நல்ல யோசனைதான். ஆனா நீ உள்ள வரக் கூடாதே?”

“உள்ள வர மாட்டேன். ஜன்னல் எதுக்கு இருக்கு?”

சாயங்காலம் நஃபீஸத் தலைமையாசிரியர் அறைக்குப் போய் அனுமதி கேட்டாள். “மணி அடிக்காது சார். ஒயரைத்தான் கழட்டியாச்சே. நிரல் மட்டும் ஓடும்.” சார் எதையோ எழுதிக்கொண்டே கையை அசைத்தார். ‘போ’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘சரி’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். நஃபீஸத் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டாள்.

வடிவு கணினி அறைக்கு வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நஃபீஸத் தட்டச்சு செய்தாள்.

“திரையில ‘மணி அடித்தது’ன்னு வருதுல்லா, அதுக்குக் கீழ அதே வரியைக் கோப்புக்கும் அனுப்பு. முன்னால நேரத்தைப் போடு.”

“சரி.”

“நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’னு எழுதச் சொல்லு. தொடங்கும்போது ‘நிரல் தொடங்கியது’ன்னு எழுதட்டும்.”

“வேற என்ன? சாப்பிட்டதையும் எழுதச் சொல்லவா?”

“அடைப்புக்குறி விட்டுட்ட. பாரு, அந்தக் கடைசியில.”

“அங்கன நின்னுக்கிட்டு உனக்கு எப்படிட்டி தெரியுது?”

“கோவத்துல கண்ணு நல்லாத் தெரியுது” என்றாள் வடிவு.

மறுநாள் காலையிலேயே நஃபீஸத் நிரலை ஓட விட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஓடினார்கள். ஒருத்தி கதவுக்கு, ஒருத்தி ஜன்னலுக்கு. நஃபீஸத் கோப்பைத் திறந்தாள்.

கோப்பில் ஒன்றுமே இல்லை.

“காலியா இருக்குட்டி!”

“காலியாவா? காலையில இருந்து ஓடியிருக்கு. ஒரு வரிகூடவா இல்ல?” வடிவு ஜன்னல் கம்பியை உலுக்கினாள். “எல்லாரும் சேந்து என்னையப் பொய்க்காரி ஆக்குதாவளா? இந்தப் பெட்டியுமா?”

“பெட்டி மேல கோவப்படாத. பையப் பாப்போம்.”

நஃபீஸத் நிரலைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முறைப்படி நிறுத்திப் பார்த்தாள். கோப்பில் எல்லா வரிகளும் வந்திருந்தன. மறுபடி ஓடவிட்டு, இந்தத் தடவை சுவிட்சையே அணைத்தாள். போட்டுப் பார்த்தால் கோப்பு காலி.

வடிவு நெற்றியைக் கம்பியில் சாய்த்து யோசித்தாள். கடைக்காரர் ஒவ்வொரு வெண்டைக்காயாகப் பையில் போடுவதில்லை. கை நிறைய அள்ளித்தான் போடுவார். நிரலும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒவ்வொரு வரியாகக் கோப்பில் போடாமல், கை நிறையும் வரைக்கும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முறைப்படி நிறுத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போகிறது. திடீரென்று மின்சாரம் போனால், கையில் இருந்ததும் போய்விடுகிறது.

“நஃபீஸத்! அப்போ மத்தியானமும் யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க. இல்லைன்னா கோப்பு காலியா இருக்காது!”

“கரண்டு போயிருக்கும்.”

“கரண்டு போனா இந்த ரூமுக்கு இன்வெர்ட்டர் இருக்கு. யாரோ அணைச்சாத்தான் நிக்கும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார்?

“கோப்புக்குத் தெரியும்” என்றாள் வடிவு. “ஒவ்வொரு வரியையும் உடனே எழுதச் சொல்லு. பிடிச்சு வைக்கக் கூடாது. பிருந்தா டீச்சர் குடுத்த பாடத்துல அதுக்கு ஒரு கட்டளை இருக்கு.”

நஃபீஸத் அதையும் சேர்த்தாள். சுவிட்சை அணைத்துப் போட்டாள். இந்தத் தடவை கோப்பில் வரிகள் இருந்தன. ஆனால் சுவிட்சை அணைப்பதற்கு முன்னால் வந்த வரிகளைக் காணவில்லை.

“இது என்னட்டி புதுக் கூத்து?”

வடிவு நிரலை முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். கோப்பைத் திறக்கும் வரி வந்ததும் “நில்லு!” என்று கத்தினாள். தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி அவர்களே சொல்லியிருந்தார்கள். ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் போதும். பழையதை அழிக்காமல் அதன் கீழேயே தொடர்ந்து எழுதும்.

நஃபீஸத் அந்த எழுத்தை மாற்றினாள்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பு இப்படிச் சொன்னது:

12.45 ஓடிக்கொண்டிருக்கிறேன்
12.46 ஓடிக்கொண்டிருக்கிறேன்
12.46 நிரல் தொடங்கியது
12.47 ஓடிக்கொண்டிருக்கிறேன்

“நடுவுல ஒரு தடவை நின்னு தொடங்கியிருக்கு!” நஃபீஸத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பக் கோப்பைப் பார்த்தாள். “ஏட்டி, கோப்புல இருக்கிற நேரம் சுவர்க் கடிகாரத்தைவிடக் கால் மணி நேரத்துக்கு மேலயே பிந்தியிருக்கே!”

வடிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் தனிக் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். பள்ளியில் இணையம் இல்லாமல் போய்ப் பல நாளாகிவிட்டது. சுவிட்சை அணைத்தால் அதன் நேரம் அப்படியே நின்றுவிடும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.

“பாவம், அதுக்குத் தூங்கினதே தெரியல” என்றாள் நஃபீஸத். “முழிச்சு, இப்பத்தான் கண்ணைச் சிமிட்டினோம்னு நினைச்சிருக்கு.”

“அதனாலதான் சாயங்கால மணி பிந்திட்டு. மாரிக்கண்ணுவுக்கு பஸ்ஸு போயிட்டு.”

சாப்பாடு முடிந்ததும் எட்டாம் வகுப்புதான் கணினி அறைக்கு வரும். வந்ததும் எல்லாச் சுவிட்சையும் போடுவார்கள். அதில் மணிக் கணினியும் சேர்ந்து எழுந்துகொள்ளும். யாரும் அதைக் கவனித்ததில்லை. ஆனால் அணைப்பது யார்?

அடுத்த நாள் வடிவு சோற்றுத் தட்டோடு கணினி அறைக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நஃபீஸத்தும் கூட இருந்தாள். ஐந்தாறு வாய் சாப்பிடுவதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆவுடைநாயகம் சார் வந்தார். ஆறாம் வகுப்புக்குள் போனார். டப், டப். ஏழாம் வகுப்புக்குள் போனார். டப், டப், டப்.

“எல்லா ரூம்லயும் ஃபேன் சுத்துது! ஆள் இல்லாத ரூம்ல யாருக்குக் காத்து? பேய்க்கா?” என்று தனக்குத் தானே பேசிக்கொண்டே கணினி அறைக்குள் போனார்.

டப், டப், டப், டப்.

வடிவின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

பிருந்தா டீச்சர் எப்போதும் கணினி அறையில்தான் சாப்பிடுவார். ஆள் இருக்கும் அறை என்பதால் சார் அங்கே போக மாட்டார். இந்த வாரம் டீச்சர் இல்லை.

“பேசாம விட்டுருவோம்ட்டி” என்று நஃபீஸத் கிசுகிசுத்தாள். “எச்.எம். கிட்டப் போய் எப்படிச் சொல்லுவ?”

“ஏன் சொல்லக் கூடாது?”

“சரி, அப்போ முத்துராணி அத்தைகிட்டச் சொல்லுவோம். மேலக்காடே திரண்டு வந்து அவரைக் கேக்கட்டும்.”

அப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வடிவுக்கும் தோன்றியது. மேடையில் சார் நிற்பதையும், எல்லோரும் கையை நீட்டிக் கேட்பதையும் மனசுக்குள் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“வேண்டாம். சுவிட்சை அணைச்சது அவரு தெரியாம செஞ்சது. அதுக்கு ஊரைக் கூட்டி அவரை அவமானப்படுத்தக் கூடாது. ஆனா ஒரு வார்த்தை கேக்காம என்னைய பொய்க்காரின்னு சொன்னாருலா? அது தெரிஞ்சு செஞ்சது. அதை நான் விட மாட்டேன்.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேரே தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றாள்.

“சார், மணி ஏன் பிந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு.”

சார் நிமிர்ந்து பார்த்தார். “உன்னைத்தான் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னேனே?”

“உள்ள போகல சார். ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். நீங்க வந்து ஒரு தடவை பாருங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, சார் எழுந்து வந்தார். கணினி அறை வாசலில் வடிவு நின்றுவிட்டாள். சார் உள்ளே போனார். அதற்குள் எட்டாம் வகுப்பு வந்து சுவிட்சைப் போட்டிருந்தது. நஃபீஸத் கோப்பைத் திறந்து காட்டினாள்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “இது என்னது?”

வாசலில் நின்றபடியே வடிவு சொன்னாள். “நிரல் திரையில சொல்லுததை எல்லாம் இதுல எழுதி வைக்கும் சார். நேத்தும் நின்னிருக்கு, இன்னைக்கும் நின்னிருக்கு. ரெண்டு நாளும் சாப்பாட்டு நேரத்துலதான். நான் அப்போ சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன நாள்ல இருந்து இந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்கல.”

“அப்போ யாரு நிறுத்துதா?”

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பாட்டு நேரத்துல ரூம் ரூமா ஃபேன், லைட்டு எல்லாம் அணைக்கிறது யாரு சார்?”

எட்டாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. சாரின் முகம் கடுகடுத்தது.

“என்னையவா சொல்லுதே?”

“நான் சொல்லல சார். கோப்பு சொல்லுது.”

சார் மறுபடியும் திரையைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கடுகடுப்பு மெல்ல வடிந்தது.

“கரண்டு வீணாகக் கூடாதேன்னுதான் அணைச்சேன்” என்றார்.

“அது நல்லதுதான் சார்.”

“இது இப்படிப் போயி முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். எனக்கும்தான் தெரியாது. ஆனா நீங்க எங்கிட்டக் கேக்கல. நீ பொய் சொல்லுதேன்னு சொல்லிட்டீங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

“சரிம்மா. நான் சொன்னது தப்புதான். உள்ள வா.”

வடிவு அசையவில்லை.

“என்ன? வா.”

“பிரேயர்ல சொன்னீங்க சார், எல்லாருக்கும் கேக்கும்படியா. பிரேயர்லயே சொல்லுங்க. அதுக்கப்புறம் வாரேன்.”

நஃபீஸத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடி விழப் போகிறது என்று நினைத்தாள். இடி விழவில்லை. சார் வடிவை உற்றுப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

“ஒலிபெருக்கியிலயா?”

“ஆமா சார்.”

“சரி” என்றார் சார்.

மறுநாள் பிரேயரில் சார் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. “மணி பிந்தினதுக்கு சுடலைவடிவு காரணம் இல்ல. சாப்பாட்டு நேரத்துல நான்தான் அந்தச் சுவிட்சை அணைச்சேன். எனக்கு அது தெரியாது. ஆனா விசாரிக்காம அவளைப் பொய் சொல்லுதான்னு சொன்னேன். அது என் தப்பு. மேலக்காட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கும் இன்னைக்கே நான் போய்ச் சொல்லுவேன்.”

டீக்கடையில் கண்ணாடி டம்ளர் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

அன்று காலையே வடிவு கணினி அறைக்குள் வாசல் வழியாகப் போனாள். பெட்டியின் நேரத்தைச் சரிசெய்து மணி ஒயரை மாட்டினாள். சின்னப் பெட்டி நின்று தொடங்கினால், சரியான நேரத்தைத் திரையில் கேட்டு வாங்காமல் மணி அடிக்கக் கூடாது என்று நிரலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். அந்தச் சுவிட்சின் மேல் ‘அணைக்காதீர்கள்’ என்று சாரே எழுதி ஒட்டினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

முதல் பாடவேளை முடிந்ததும் ஐயம்பெருமாள் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“நான் பொய் சொல்லலைலா? நீ டைப் பண்ணுனதைப் பாத்தேன். அதைத்தான் சொன்னேன்.”

“எந்தக் கணினியிலன்னு பாத்தியாலே?”

“அது... பாக்கல.”

“அப்போ அதையும் சேத்துச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கும்படியா.”

“என்கிட்ட ஒலிபெருக்கி இல்லையே.”

“உன் வாயே போதும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஐயம்பெருமாள் காதைச் சொறிந்தான். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்று, “இவ எந்தக் கணினியில டைப் பண்ணுனான்னு நான் பாக்கல! பாக்காமலே சொல்லிட்டேன்!” என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துக் கணக்கு சார் உள்ளே வந்தார்.

“ஏலே, பெஞ்சு மேல என்ன செய்யுதே?”

“உண்மையச் சொல்லுதேன் சார்!”

“அதைக் கீழ நின்னு சொல்லக் கூடாதா? இறங்கு!”

மத்தியானம் மணி சரியான நேரத்துக்கு அடித்தது. வடிவின் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. அடியில் கொஞ்சம் இருந்தது. ஆனால் நல்ல பசி. வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். சாம்பார் சாதத்தையும் முட்டையையும் முடித்துவிட்டு, தட்டை நீட்டி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள்.